ஒரு டம்ளர் தைலம்

கல் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஷம்ஷாத் தகர டின்னிலிருந்து யூகலிப்டஸ் தைலத்தைப் புனல் வைத்துச் சின்ன பாட்டில்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தைலம். கொடைக்கானல் பஜாரில் கடை போட்ட பதினெட்டு வருஷமாக அந்தக் கைக்கு வேறு வாசனை கிடையாது. கடைசி பாட்டிலுக்கு மூடி திருகும்போது விரல் லேசாகிவிட்டதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தாள். மோதிரம் இருந்தது. அதன் நடுவில் பச்சைக் கல் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

கல் மேஜைமேல் கிடந்தது. இரண்டு துண்டாக.

ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உடைந்த விளிம்பில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தாள். நூல் நூலாக வந்தது.

பசை!

"அடப் பாவி" என்றாள், எதிர் வரிசை நகைக்கடையைப் பார்த்து.

பத்து நாளைக்கு முன்னால்தான் அந்த மோதிரத்தை அந்தக் கடைக்காரன் ஞானவேலிடம் கொடுத்திருந்தாள். விரல் தடித்துப் போய் மோதிரம் இறுக்கியது. கொஞ்சம் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுக்கும்போதே சொன்னாள்: "நெருப்புக் காட்டுறதுக்கு முன்னாடி கல்லக் கழட்டிருங்கண்ணே. சூடு தாங்காது."

ஞானவேல் சிரித்தான். "எனக்கே பாடமா பாயம்மா?"

அந்தக் கல் அவள் கணவன் அப்சல் வாங்கியது. அடுக்கம் ரோட்டில் ஜீப் ஓட்டிய காலத்தில், இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்திடம் வாங்கினான். ஒரே கல்லில் அறுத்த ஜோடி. "ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு நமக்குப் பொறக்கப்போற பொண்ணுக்கு" என்றான். பொண்ணு பிறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் மலை சரிந்து ஜீப்போடு அவனும் போனான். இரண்டாவது கல், இனி அக்கா மகளுக்கு என்று பீரோவில் பஞ்சுக்குள் கிடந்தது.

ஷம்ஷாத் உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

நகைக்கடையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். ஓரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் வேலுமணி டீ குடித்துக்கொண்டு நின்றான். வெளியூர் ஆட்களைக் கடை கடையாகக் கூட்டிப் போவது அவன் சோலி. அவன் கையைக் காட்டும் கடையில்தான் கூட்டம் இறங்கும்.

"கல்ல வெடிக்க விட்டுட்டு, பசை போட்டு ஒட்டிக் குடுத்திருக்கீங்களே அண்ணே. இது நியாயமா?"

ஞானவேலின் கண் ஒரு நொடி கல்யாண வீட்டுக்காரர்கள் பக்கம் போய்த் திரும்பியது. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது, ஷம்ஷாத்துக்கு. தெரிந்தேதான் செய்திருக்கிறான்.

"பசையா? எங்கடையிலயா?" குரலை உயர்த்தினான். "கல்லு முழுசாத்தான் குடுத்தேன். நீ தைலத்துல மண்ணெண்ணெயக் கலக்குற, அதுல போயி நாள் முழுக்கக் கைய விட்டு அளையுற. கல்லு வெடிக்காம என்ன செய்யும்? ஒந்தப்ப எந்தலையில கட்டாத."

"என்ன சொன்னீங்க?"

"ஊருக்கே தெரிஞ்சத சொன்னேன். போம்மா, யாவாரத்தப் பாரு."

வேலுமணி டீயைக் குடித்து முடிக்காமலே நழுவினான்.

அந்தச் சொல் கடை கடையாக நடந்தது. மண்ணெண்ணெய். மறுநாள் வேலுமணியின் வேன் ஷம்ஷாத் கடையைத் தாண்டிப் போய் நின்றது. அடுத்த நாள் இன்னும் இரண்டு வேன். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் கால் வலிக்குத் தேய்த்துக்கொள்ள வருஷா வருஷம் அவளிடம்தான் தைலம் வாங்குவார்கள். அவர்களும் போன் போட்டு, "இந்தத் தடவ வேணாங்கக்கா" என்றார்கள். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போன ஒரு அம்மாளின் முகத்தை ஷம்ஷாத்தால் மறக்கவே முடியவில்லை.

கல் போனதைத் தாங்கியிருப்பாள். பதினெட்டு வருஷம் ஒரு சொட்டு கலக்காமல் விற்ற பேர் போனதைத் தாங்க முடியாது.

அழவில்லை. பீரோவைத் திறந்தாள். பஞ்சைப் பிரித்தாள்.

பெரியகுளத்திலிருந்து அக்கா மகள் ஸைமாவை வரச் சொன்னாள். காலேஜில் படிப்பவள், வாய் நிறைய இங்கிலீஷ். ஞானவேல் அவளைப் பார்த்ததே இல்லை. இரண்டாவது கல்லைப் பெரியகுளத்திலேயே ஒரு தட்டானிடம் கொடுத்து மோதிரமாக்கி எடுத்து வந்திருந்தாள் ஸைமா.

"இது எனக்குன்னு சொல்லி வச்ச கல்லுல்ல சாச்சி?"

"ஆமா. இப்பவும் ஒன்னையக் கேட்டுத்தான் செய்யப்போறேன். அவன் ஒழுங்கா வேலை செஞ்சா கல்லு ஒனக்கு. செய்யலன்னா..."

ஸைமா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். "செய்ய மாட்டான்ல?"

"அவன் சோம்பேறி. கல்லக் கழட்டி மாட்ட அரை நாளாகும். நீ வெரசா வேணும்னு சொல்லு."

"உடைஞ்சா உடையட்டும் சாச்சி. பேசறது என் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை ஸைமா நகைக்கடைக்குள் போனாள். எதிரே தன் கடைக்குள் நின்று ஷம்ஷாத் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரே பாட்டிலை.

"அங்கிள், ரிங் ரொம்ப டைட். சண்டே பஸ்ஸுக்குள்ள வேணும். ஸ்டோனைக் கழட்டிட்டு ஹீட் பண்ணுங்க, ப்ளீஸ்."

"எனக்கே பாடமா பாப்பா?" அதே சிரிப்பு.

"இல்ல அங்கிள், இது மாமியார் வீட்ல போட்ட ரிங். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. ஸ்டோன் நல்லா இருக்குன்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்களேன். உங்கள மாதிரி எக்ஸ்பர்ட் எழுதினா அவங்க வாயத் திறக்க மாட்டாங்க."

எக்ஸ்பர்ட் என்ற சொல் ஞானவேலின் மீசைக்கு எண்ணெய் தடவியது. கண்ணில் லென்ஸை மாட்டிக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைச் சீட்டில் எழுதினான்: பச்சைக் கல் ஒன்று, கீறல் இல்லை. கையெழுத்தும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. சந்தை நாள். மலைக் கிராமங்களெல்லாம் மூட்டையோடு பஜாருக்குள் இறங்கியிருந்தன. பதினோரு மணிக்கு ஸைமா கடைக்குள் போனாள். இரண்டு நிமிஷம் கழித்து ஷம்ஷாத் போனாள். ஒரு கையில் கண்ணாடி டம்ளர், மறு கையில் சீல் உடைக்காத தைல பாட்டில்.

"கல்லு அப்படியே இருக்குல்ல அங்கிள்?" ஸைமா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு பாப்பா" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்த ஞானவேல், வாசலைப் பார்த்ததும் நிறுத்தினான். "ஒனக்கென்ன இங்க சோலி?"

"எங்கக்கா மவ மோதிரம்ணே அது."

ஷம்ஷாத் டம்ளரைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். பாட்டிலின் சீலை உடைத்து ஊற்றினாள். தைல வாசம் கடையை நிறைத்தது. வாசலில் பூண்டு விற்றுக்கொண்டிருந்த வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள். அவள் எட்டிப் பார்த்தால் சந்தையே எட்டிப் பார்க்கும். வேலுமணியும் வந்து நின்றான்.

"என் தைலத்துல மண்ணெண்ணெய் இருக்கு, அதுதான் கல்ல வெடிக்க வச்சிச்சுன்னு இவரு சொன்னாரு. நீங்கல்லாம் நம்புனீங்க. இந்தக் கல்லு முழுசா இருக்குன்னு அவரே எழுதின சீட்டு இந்தா இருக்கு. மோதிரம் இப்பத்தான் அவரு கையிலருந்து வருது. இத உள்ள போடுறேன். கூட, யாராவது ஒரு நல்ல கல்லுப் போட்ட நகை குடுங்க. என் தைலம் கல்லத் தின்னா ரெண்டையும் தின்னட்டும்."

வேலுத்தாய் காதில் கை வைத்தாள்.

"இந்தாடி, சிவப்புக் கல்லுக் கம்மல். இவன் கடையில வாங்குனதுதான். போடு."

இரண்டும் தைலத்துக்குள் இறங்கின.

"வெளாட்டா இது? கடையக் காலி பண்ணுங்க!" ஞானவேல் எழுந்தான்.

"ஒக்காருய்யா" என்றாள் வேலுத்தாய். "எங்கம்மல் கெடக்கு அதுல."

ஐந்து நிமிஷம். ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஸைமா சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். கல் உடையாமல் இருந்தால்? அவன் இந்தத் தடவை ஒழுங்காகச் செய்திருந்தால்? ஷம்ஷாத் டம்ளரைப் பார்க்கவில்லை. ஞானவேலின் நெற்றியைப் பார்த்தாள். கொடைக்கானல் குளிரில் அங்கே வியர்வை முளைத்திருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே" என்றாள் மெதுவாக. "உண்மையச் சொல்லுங்க. வெளிய எடுத்துர்றேன்."

ஞானவேல் கூட்டத்தைப் பார்த்தான். சட்டென்று டம்ளரை நோக்கிக் கை நீண்டது. ஷம்ஷாத்தின் தைலக் கை அதற்கு முன்பே டம்ளரின் வாயை மூடியிருந்தது.

"எடு அத! ரொம்ப ஊறுனா பசை வுட்டுரும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். பாதிச் சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா?

டிங்.

பச்சைக் கல் மோதிரத்திலிருந்து கழன்று டம்ளரின் அடியில் விழுந்தது. விழுந்த வேகத்தில் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு நூல் ஆடியது. பக்கத்தில் வேலுத்தாயின் கம்மல் கழுவி விட்டதுபோல் மின்னியது.

"எலே ஞானவேலு!" வேலுத்தாயின் குரல் ஏரி வரைக்கும் போயிருக்கும். "ஒட்டுப் போட்ட கல்லக் குடுத்துட்டு, அடுத்தவ சோத்துல மண்ணையா போட்ட? எம்மவளுக்கு எடுத்த தோட்டையும் இன்னைக்கே தைலத்துல போட்டுப் பாக்கப்போறேன்!"

"நாங்களும்" என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. கடைக்குள் வளையல், மூக்குத்தி, மோதிரம் என்று கைகள் நீண்டன. ஞானவேல் அந்தக் கைகளுக்கு நடுவில் முழித்துக்கொண்டிருந்தான்.

"பாயம்மா... புதுக் கல்லு வச்சுத் தந்துர்றேன். ரெண்டுக்கும். இதோட விட்ரும்மா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"அப்பக் கூட்டத்துக்குக் கேக்கத்தான பேசுனீங்க? இப்ப ஏன் குசுகுசுன்னு?"

அவன் சொன்னான். எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். கல் தன் நெருப்பில் வெடித்தது, பசை தான் வைத்தது, தைலத்தில் குற்றமில்லை என்று. ஷம்ஷாத் இரண்டாவது தடவையும் சொல்ல வைத்தாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம்.

"புதுக் கல்லு?" என்று கேட்டான், கடைசியில்.

"வேணாம்."

கம்மலைத் துடைத்து வேலுத்தாயிடம் கொடுத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். வேலுமணி பின்னாலேயே வந்தான். "அக்கா, வண்டியில இருவது பேரு இருக்காங்க, கூட்டியாரட்டா?"

"மொதல்ல நீ மோந்து பாரு வேலுமணி. மண்ணெண்ணெய் வாட வருதான்னு."

அவன் பாட்டிலை மூக்கில் வைத்து, கண்ணில் நீர் வர இழுத்தான். வேன் கதவைத் திறக்க ஓடினான்.

ஷம்ஷாத் முதல் மோதிரத்தின் துண்டுகளையும் அந்த டம்ளருக்குள் போட்டாள். நாலு பச்சைத் துண்டுகள். கடையின் முன்மேஜையில், சாலையைப் பார்த்து வைத்தாள்.

"ஒனக்கு வச்சிருந்த கல்லு போச்சேடி" என்றாள் ஸைமாவிடம். அப்போதுதான் குரல் கொஞ்சம் உடைந்தது.

"போகல சாச்சி. இங்கதான கெடக்கு" என்று டம்ளரைக் காட்டினாள் ஸைமா.

மறுநாள் வெள்ளனே ஞானவேல் கடையைத் திறந்தான். நாற்காலியில் உட்கார்ந்தான். நிமிர்ந்தால் டம்ளர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சுவரில், நகை போட்டுப் பார்க்கிறவர்களுக்காக அவனே மாட்டிய பெரிய கண்ணாடி இருந்தது.

ஷம்ஷாத் டம்ளரை அந்தக் கண்ணாடிக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.