உள்ளே ஆள் இல்லாத லென்ஸ்

கோவில்பட்டியில் பழைய லென்ஸ் வாங்கினால், முன்பு வைத்திருந்தவர் யாரை அதிகமாகப் படமெடுத்தாரோ அந்த ஆள் உள்ளேயே இருப்பார். எடுக்கிற படத்திலெல்லாம் ஓரமாக வந்து நிற்பார். ஸ்டுடியோ வைத்திருந்த ஞானசௌந்தரியின் லென்ஸில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றுவிடுவார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும் நினைத்துக்கொண்டதால் பிரச்சினை வந்ததில்லை.

மகள் பிளசிக்கு நிச்சயதார்த்தம் என்றானபோதுதான் ஞானசௌந்தரிக்கு மனம் ஒப்பவில்லை. கல்யாணம் முடிந்ததும் பிளசி மஸ்கட் போய்விடுவாள். மிஞ்சப்போவது படங்கள்தான். அதிலுமா தாசில்தார்?

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘லென்ஸ் விற்பனைக்கு. லேசான தேய்மானம். கண்ணாடி சுத்தம். உள்ளே ஆள் இல்லை.’

கடைசி வரியை அவள் நம்பவில்லை.

விற்றவர் மன்சூர். நாற்பது வயதிருக்கும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“நல்லாப் பாத்துக்கிடுங்கக்கா.”

டார்ச் அடித்துப் பார்த்தாள். பூஞ்சை இல்லை. வளையத்தில் கறுப்புப் பூச்சு கொஞ்சம் போயிருந்தது. சுவரைப் படமெடுத்தாள்; சுவர் மட்டும் வந்தது. தெருவில் நின்ற ஆட்டை எடுத்தாள். ஆடு மட்டும் வந்தது. சந்தேகம் கூடியது. மன்சூரை எடுத்தாள். நாற்காலி மட்டும் வந்தது.

விளிம்பில் இருந்த கீறலை நகத்தால் நெருடினாள். நகத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

“தம்பி, இந்தக் கீறல் உள்பக்கமால்ல விழுந்திருக்கு?”

“ஆமாக்கா. வெளிய வரும்போது என் வாட்ச் பட்டிருச்சு. அதான் லேசான தேய்மானம்னு போட்டேன்.”

“உங்கள யாரு இத்தன படம் எடுத்தது?”

“எங்க உம்மா. துபாய்க்குப் போறேன்னு சொன்னேன். அன்னைக்கே எடுக்க ஆரம்பிச்சாங்க. சாப்பிடும்போது, பல்லு விளக்கும்போது, தூங்கும்போது. விசா வந்தப்ப நான் உள்ள இருந்தேன். பதினோரு வருசம். அவங்க கண்ண மூடின பிறகுதான் வெளிய வந்தேன்.”

“இனிமே இது காலியாவே இருக்குமா?”

“எப்படி இருக்கும்? நீங்க யார அதிகமா எடுக்கிறீங்களோ, அவங்க உள்ள போயிருவாங்க.”

“எத்தன படம் எடுத்தா?”

கேட்ட பிறகுதான் எதைக் கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மன்சூர் லென்ஸைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

“எதுக்குக்கா கேக்கிறீங்க? வீட்டுல யாரும் வெளிநாடு போறாங்களா?”

“இல்லையே,” என்றாள்.

மன்சூர் லென்ஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு மன்சூர் மேல் சந்தேகம் இல்லை; தன் மேல்தான் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று பிளசியை மூன்றே படம் எடுப்பதாக முடிவு செய்திருந்தாள். மயில்கழுத்து நிறச் சேலையில் அவள் வந்து நின்றதும் கணக்கு தவறிவிட்டது. விரல் அதுபாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது.

“போதும்மா,” என்றாள் பிளசி. “என்னையவே எடுத்துக்கிட்டு இருக்கிய. லேசா தல சுத்துது.”

ஞானசௌந்தரி கேமராவைச் சட்டென்று திருப்பினாள். கண்ணில் பட்டது பிரியாணி அண்டா. மூடியோடு, மூடியில்லாமல், பக்கவாட்டில், உட்கார்ந்தும் நின்றும் அதை இருநூறு முறை எடுத்தாள். சமையல்காரர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். கடைசிப் படங்களில் ஓரமாக இன்னொரு அண்டாவும் வந்து நின்றது. பிளசிக்குத் தலைசுற்றல் நின்றிருந்தது. அப்போதுதான் ஞானசௌந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்காததால் அவருடைய குரலை மட்டும் விமானத்தில் அனுப்பியிருந்தார்கள்.

“வாங்க மாப்பிள்ள. பிரயாணம் சௌகரியமா?”

“சௌகரியம் அத்த,” என்றது குரல். “ஜன்னல் சீட்டுதான் கிடைச்சது.”

பிளசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.