க்ரீம் டப்பாவில் ஒரு ஊசி

கேக் கடையில் க்ரீம் அடிக்கிறவளுக்கு வாய் நீளம். ஓவன்காரர் முதல் முதலாளியம்மா வரை யாரையும் விட்டுவைக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவளே ஒரு ஊசியைக் காலி க்ரீம் டப்பாவுக்குள் போட்டு, கடை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிரசவத்தின்போதே மாமியாரும் அன்றைய புருஷனும் சேர்ந்து, "குழாயைக் கட்டிடுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் அந்த மகராசன் வேறொருத்தியோடு கம்பி நீட்டினான். பிள்ளைகள் வளர்ந்து ஆளானார்கள். போன வருஷம் கடையின் வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது முப்பத்தெட்டு வயதில் இன்னொரு பிள்ளை வேண்டுமாம். எதற்கு? ஆசை! வேறு என்ன காரணம் வேண்டும்?

கருமுட்டை வளர்வதற்கான ஊசிகளைக் கடைக் கழிவறைக்குள் நின்றபடி தினமும் தனக்குத்தானே குத்திக்கொண்டாள். கடைசி ஊசி இன்று இரவு எட்டு மணிக்கு. நேரம் தப்பினால் இத்தனை நாள் பட்ட பாடும் வீண்.

மதியம் ஃப்ரிட்ஜை அணைத்துக் கழுவியது கவுன்ட்டரில் நிற்கும் அவளுடைய கூடப்பிறந்த அக்கா. க்ரீம் கெட்டுவிடக் கூடாதே என்று டப்பாக்களை எல்லாம் வழக்கம்போல ஃப்ரீசருக்கு மாற்றியிருந்தாள். ஏழு மணிக்குத் தங்கை டப்பாவைத் திறந்தபோது ஊசி மருந்து கல்லாக உறைந்திருந்தது.

"ஐயோ, இதை யாருக்கா ஃப்ரீசர்ல வச்சது?"

"நான்தான். க்ரீம் டப்பாவை வேற எங்கடி வைப்பாங்க?"

"இது க்ரீம் இல்லக்கா!"

கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சர்க்கரை ஊசி என்று ஒரு பொய் அவள் நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"புள்ள பெத்துக்கப் போடுற ஊசி. எனக்குத்தான்."

"அடிப்பாவி! உனக்குத்தான் கட்டியாச்சே!"

"குழாயைத்தானே கட்டினாங்க, என்னையேவா கட்டிப்போட்டாங்க? முட்டையை நேரா எடுத்து, வெளியில கரு சேத்து, கர்ப்பப்பையில வைப்பாங்க. முன்வாசலைப் பூட்டினா நான் பின்வாசல் வழியாப் போறேன்!"

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்குற வயசுல... நாலு பேரு சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். அந்த நாலு பேரா வந்து தாலாட்டப் போறாங்க? கட்டும்போது என்னை யாரும் கேக்கல. பெத்துக்கும்போது நான் யாரையும் கேக்க மாட்டேன்."

கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். உறைந்த மருந்தைப் போடவே கூடாது, இங்கே ஒன்று இருக்கிறது, உடனே ஆளனுப்புங்கள் என்றாள் நர்ஸ்.

வாசலில் கேக் பெட்டியோடு வாயைப் பிளந்து நின்ற டிரைவரைப் பார்த்து முதலாளியம்மா கத்தினாள். "மரம் மாதிரி நிக்கிறியே! கேக்கை அங்க வை. ஐஸ் பெட்டியத் தூக்கிட்டு ஓடு!"

மணி எட்டடிக்க இருந்தபோது அவன் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். அன்றைக்கு அவள் கழிவறைக்குப் போகவில்லை. மாவு மேசைப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஓவன்காரர் பதறிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா வந்து தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

முட்டையை எடுத்து, கருவை வைத்து, மூன்று வாரத்தில் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, நர்ஸின் போன் வந்தது காலை வியாபார நேரத்தில்.

"உள்ள போய்ப் பேசுடி. இல்லைன்னு சொல்லிட்டா?" என்றாள் அக்கா.

"இல்லைன்னாலும் எல்லாரும் கேக்கட்டும். ஒளிச்சு வச்சுத்தானே ஒரு ஊசியக் கல்லாக்கினேன்!" போனை கவுன்ட்டர் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"பாஸிட்டிவ்மா," என்றாள் நர்ஸ்.

டிரைவர் வேன் சாவியைக் கீழே போட்டுவிட்டு அழுதான். அவளும் அழுதாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் உள்ளே வந்து ரொட்டி கேட்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்காமலே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"என் தங்கச்சி முழுகாம இருக்கா!"