ஓரத்தில் எழுத மறந்த சொல்

உச்சிவெயில் சற்றே சாய்ந்து, தெருவின் ஒருபுறத்துச் சுவர்கள் நிழல்பெற மறுபுறத்தன கண்கூச ஒளிர, தாள்கட்டு ஏற்றிய வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாய் நெருங்க, மைமணமும் எந்திர அதிர்வும் சன்னல்தோறும் வழிய, அச்சகங்களே நிறைந்த அத்தெரு உண்ட மயக்கத்தை உதறிவிட்டு உழைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கட்டடத்தின் மேல்மாடத்தில் ஒருத்தி மட்டும் எழுவதும் அமர்வதுமாய்த் தவித்தாள். அவள் மெய்ப்புத் திருத்துபவள். எந்தப் பிழையும் அவள் கண்ணுக்குத் தப்பாதென்பதால் அச்சகத்தார் அவளுக்கு இட்ட பட்டப்பெயர் சல்லடை.

கற்றறிந்த நண்பரே, அச்சேறுமுன் பிழைகளைய எடுக்கும் படியே மெய்ப்பு. நீக்கவேண்டிய வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் வால்சுழித்ததொரு நீக்கற்குறி இடுவர். நீக்கியது தவறென்று தோன்றின், அவ்வரியின் அடியில் புள்ளிகள் வைத்து, ஓரத்துச் சுழியையும் அடித்து, அருகே 'இருக்கட்டும்' என்று எழுதுவர். வரியிலும் ஓரத்திலும், இரண்டிடத்தும் செய்தாக வேண்டும். ஏனெனில், கீழ்த்தளத்தில் பக்கம் அமைக்கும் பெரியவர் ஓரத்தை மட்டுமே பார்ப்பார், உள்ளே தேனே வழிந்தாலும் திரும்பமாட்டார். ஆசிரியர் கருத்தில் ஐயமெழுந்தால் ஓரத்தில் வினாக்குறி இட்டுக் கேட்கலாமேயன்றித் தானாய் நீக்குதல் கூடாது என்பதும் அத்தொழிலின் நெறி. அந்நெறியை அன்று காலை அவள் மீறிவிட்டாள்.

வந்தது மரங்களின் நோய்களைப் பற்றிய நூல். எழுதியவன் அவளுடைய சொந்த அண்ணன். தந்தை படுக்கையில் கிடந்த நாள்களில் எட்டியும் பாராதவன். அவளோடு ஆறாண்டுகளாய்ப் பேச்சில்லாதவன். முன்னுரையின் இறுதியில் அவன் எழுதியிருந்தான்: 'அப்பாவைத் தங்கை ஒருத்தியே தாங்கினாள்; அவளிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.' ஊருக்கெல்லாம் சொல்லத் துணிவுண்டாம், தங்கையிடம் சொல்லத்தான் இல்லையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரக்கென்று அடித்துச் சுழியும் இட்டாள். பின்னர் மனம் கரைந்து, கண்ணீர் மறைக்க, வரியடியில் புள்ளிகளும் வைத்தாள். அதற்குள் மேற்பார்வையாளர் மெய்ப்பைக் கேட்டு ஆள் அனுப்ப, அப்படியே கொடுத்துவிட்டாள்.

பிற்பகலில்தான் அவளுக்கு நினைவு வந்தது: ஓரத்துச் சுழியை அவள் அடிக்கவில்லை, 'இருக்கட்டும்' என்று எழுதவும் இல்லை. அண்ணன் எழுத்திலேனும் மன்னிப்பை நெருங்கிய ஒரே வரி, ஆயிரம் படிகளிலும், அவள் கையாலேயே அழிந்துபோகும்! மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கி எந்திர அறைக்குள் புகுந்தாள்.

"நிறுத்துங்க! முன்னுரையில ஒரு வரி விட்டுப்போச்சு!"

எந்திரம் நின்றது. பக்கம் அமைக்கும் பெரியவர் மெய்ப்பை நீட்டினார். "இங்க பாரும்மா, ஓரத்துல சுழி இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நான் எடுத்துட்டேன்."

"உங்க மேல தப்பில்லங்க. அடிச்சதும் நான்தான், எழுத மறந்ததும் நான்தான்."

அங்கே நின்ற மேற்பார்வையாளர் முகம் சிவந்தார். "ஆசிரியரைக் கேக்காம வரியை எடுத்தீங்களா? நீங்களா இப்படி? சரி, நீங்களே அவருக்குப் போன் போட்டு ஒத்துக்குங்க. அதுவரைக்கும் எந்திரம் ஓடாது."

வேலை போனாலும் போகட்டுமென்று எண்ணி அவள் அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.

"அச்சகத்துலருந்து பேசறேன். உங்க முன்னுரையில கடைசி வரியை... கேக்காம அடிச்சுட்டேன்."

மறுமுனையில் அண்ணன் அவள் குரலை அடையாளங்கண்டான். "நீயாம்மா?"

"நான்தான்."

"நீ படிப்பேன்னு தெரிஞ்சுதான் அங்க குடுத்தேன். உனக்குப் பிடிக்கலன்னா போகட்டும்."

"ஏண்ணா, ஆறு வருஷமா உன்கிட்ட போன் இல்லையா? எனக்குச் சொல்ல வேண்டியதை ஆயிரம் பேருக்கு அச்சடிச்சுக் குடுப்பியா?" என்று வெடித்தாள், சுற்றி நின்றோர் தலைகுனிந்தனர்.

அவன் குரல் உடைந்தது. "பயந்துட்டேன்மா. அப்பா அப்படிக் கிடக்கிறதைப் பாக்கப் பயந்து, எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லட்டுமாண்ணா?" என்றாள்.

"துணிவு வரலன்னுதானே எழுதியிருக்கேன்? இப்பதான் கேட்டுட்டேனே. பொய்யை எதுக்கு அச்சடிக்கணும்? எடுத்துடு. சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

"போடணுமா, வேண்டாமா?" என்று மேற்பார்வையாளர் பொறுமையிழந்து கேட்டார்.

"வேண்டாங்க. ஆசிரியரே நீக்கச் சொல்லிட்டாரு."

"நல்ல கூத்தும்மா இது!" என்று தலையிலடித்துக்கொண்டு அவர் கைகாட்ட, எந்திரம் மீண்டும் அதிர்ந்து ஓடலாயிற்று. அந்நூல் இன்று பலர் கையில் உள்ளது. முன்னுரை முடியுமிடத்தில் அந்த ஒரு வரியின் அளவுக்கு வெற்றிடம் கிடக்கிறது; படிப்போர் அதைக் கடந்து மரங்களின் நோயறியச் செல்கின்றனர். அங்கே ஒருவன் ஆறாண்டு சுமந்ததை இறக்கிவைத்தான் என்பதை அவர்கள் அறியார். அறியவும் வேண்டுவதில்லை, அறியவேண்டியவள் அறிந்துவிட்டாள்.