மாடு தின்ற புல்

பாலிக் புலாவ் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த துரைக்குச் சொந்தமாக ஓர் ஆகாயக் கப்பல் இருந்தது. அது இறங்க இடம்தான் போதவில்லை. காய்க்கிற மரங்களை வெட்ட மனசு வராமல், கையகலத்துக்கு ஒரு மைதானம் போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை அவரே ஓட்டிவந்து அதில் இறக்கியபோது கப்பல் நிற்காமல் ஓடி, கோடியிலிருந்த கால்வாயில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. இறக்கை ஒடிந்தது. துரைக்கு உதட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் மானம் போயிற்றே, அந்தப் பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டாமா?

சவுந்தரத்தின் தலையில் கட்டினார். ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்த மைதானத்தில் புல் வெட்டுகிறவள் அவள்.

வியாழக்கிழமை சர்க்கார் அதிகாரி விசாரிக்க வந்து, தோட்டத்து ஆபீசில் துரையோடு உட்கார்ந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆர்தர் சவுந்தரத்திடம் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினான்.

"வெட்டின புல்ல வாராம போட்டுட்டீங்க, அதுல சக்கரம் வழுக்கிருச்சுன்னு எழுதியிருக்கு அக்கா. கையெழுத்துப் போட்டுருங்க லா. வேலைக்கு ஒண்ணும் வராது."

சவுந்தரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருநாளும் அவள் ஒரு தும்பு புல்லை விட்டதில்லை. விடவும் மாட்டாள். வெட்டிய புல்லைத் தென்னை மூட்டில் போட வேண்டும், வெளியே கொண்டுபோனால் வேலை கிடையாது என்பது துரையின் சட்டம். எட்டுப் பேரும் தினமும் அதைத் துடைத்தாற்போல் வாரிக் கட்டி, வேலி ஓட்டை வழியாகத் தங்கள் மாடுகளுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேரும் நிலைக்கும்.

பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"அதிகாரி ஐயாகிட்ட அப்படியே சொல்லுங்க தம்பி. அன்னிக்கு வெட்டின புல்லு பூரா என் மாட்டு வயித்துக்குப் போயிருச்சு. திருடினேன். திருடின்னு எழுதுங்க, போடறேன். வேலை தெரியாதவள்னு எழுதினா போட மாட்டேன்."

"அக்கா, வேலை போயிரும்."

"போகட்டும்."

பின்னால் மற்றப் பெண்களோடு நின்ற வள்ளியம்மா, "எம் மாடும் தின்னுச்சு" என்றாள். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். துரையின் முகம் சிவந்தது.

அதிகாரி எழுந்து மைதானத்தைக் கோடிவரை நடந்து பார்த்தார். புல் ஒன்றும் அகப்படவில்லை. சக்கரத் தடம் அகப்பட்டது. அது பாதி மைதானத்துக்கு அப்பால்தான் தொடங்கியது. துரை கப்பலைத் தாமதமாகத் தரையிறக்கியதுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே எட்டுப் பேருக்கும் வேலை போயிற்று.

மழை பிடித்துக்கொண்டது. துரை வேறு ஆள் தேடினார். நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள் யாரும் வரவில்லை. இரண்டு மாதத்தில் புல் இடுப்புக்கு ஏறியது. பழுதுபார்த்த கப்பல் கொட்டகையிலேயே கிடந்தது.

ஆர்தர் குடையோடு வந்து மாட்டுக்கொட்டகை வாசலில் நின்றான். சவுந்தரம் பால் கறந்துகொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"துரை எல்லாரையும் வரச் சொன்னாரு அக்கா."

"வர்றோம். ஆனா புல்லு எங்களுது. இனிமே வேலி ஓட்டையில நுழைய மாட்டோம். ஆபீஸ் வாசல் வழியா, அவரு கண்ணு முன்னாலதான் தூக்கிட்டுப் போவோம்னு சொல்லிருங்க."