சீனித் தண்ணீரால் எழும்பிய வீடு

வீடு மின்கம்பத்தின் உச்சிவரை எழும்பிய அன்று அதற்குள் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெரியண்ணன், அவர் மனைவி, தையல் வேலை செய்யும் தங்கை, அவளைப் பெண் கேட்டு வந்த தராசு பழுதுபார்ப்பவர், அவருடைய தாயார். தாங்களும் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்.

வீடு எழும்புவது புதிதல்ல. கூடத்துப் பலகைத் தரைக்கு அடியில் தேனீக்கள் குடியேறிய நாளிலிருந்தே பூக்காலத்தில் அது ஒரு சாண் உயரும். வெளியே போன தேனீக்கள் பூச்சாற்றை வயிற்றில் சுமந்து வரும். கூட்டிலிருப்பவை அதை வாய்க்கு வாய் வாங்கி அடையின் அறைகளில் ஊற்றும். ஊற்றும்போது அது வெறும் தண்ணீர்தான். வற்றித் தேனாக வேண்டுமானால் வரிசையாக நின்று இறக்கையால் விசிற வேண்டும். அத்தனை இறக்கைகளும் ஒன்றாக விசிறினால் வீடு எழும்பாமல் என்ன செய்யும்? தேன் முதிர்ந்ததும் அறைகளை மெழுகால் மூடிவிட்டு ஓய்ந்துவிடும், வீடும் இறங்கிவிடும். சுவரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இருந்தும் பெரியண்ணன் இதை வெளியாரிடம் ஒப்புக்கொண்டதே கிடையாது. எடுத்து வைக்கும் மரப்படி ஒன்றைச் செய்து வாசலில் போட்டு, வீடே அந்த உயரம்தான் என்று சொல்லிவந்தார்.

தங்கை மாப்பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தவள். தாயார் மரியாதைக்கு ஒரு காபி குடித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிப் போகத்தான் வந்தார். ஆனால் தராசுக்காரர் ஒரே சட்டைக்குப் பொத்தான் தைக்க ஐந்து முறை தையற்கடை ஏறியவர். தங்கையும் ஒவ்வொரு முறையும் அதைத் தளர்வாகவே தைத்து அனுப்பியவள். அவர்கள் இருவருக்கும் இந்தச் சம்பந்தம் முடிந்தே ஆக வேண்டும்.

விருந்தினர் கோப்பைகளைத் தேனீக்கள் மொய்க்கக் கூடாதென்று பெரியண்ணன் காலையிலேயே பின்கட்டில் ஓர் அண்டா சீனித் தண்ணீர் கரைத்து வைத்தார். தங்கை வேண்டாமென்று தடுத்தாள். "எனக்கே நீ சொல்லித் தர்றியா?" என்றார். தேனீக்கள் கோப்பைப் பக்கம் வரவில்லைதான். அண்டாவைக் காலி செய்து, அவ்வளவு தண்ணீரையும் அடைக்குள் கொண்டுபோய், காபி வரும் நேரத்தில் விசிறத் தொடங்கின.

புழுக்கம் தாங்காமல் தாயார் ஜன்னல் திரையை விலக்கினார். எதிர்வீட்டு மொட்டைமாடி கீழே தெரிந்தது.

"என்னங்க, வீடு மேல போகுதே?"

"வீடு எங்கயும் போகல, சம்பந்தியம்மா. எதிர்வீட்டை ரொம்பத் தாழ்வா கட்டிட்டாங்க" என்றார் பெரியண்ணன்.

தங்கை எழுந்து தரைப்பலகை ஒன்றைத் தூக்கினாள். "போகுது அத்தே. இங்க வந்து பாருங்க. தண்ணி வத்தினாத்தான் இறங்கும். அண்ணன் ஒரு அண்டா வச்சிட்டாரு, அதனால நாளைக்குத்தான். இதை மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு இஷ்டமில்ல. பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

பெரியண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தாயார் மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தார். களைத்த தேனீ ஒன்று விலகினால் இன்னொன்று வந்து அதே இடத்தில் நின்று விசிறியது.

"எங்க வீட்டுக் கூரை ஒழுகுது" என்றார். "மழை வந்தா கட்டிலுக்கு மேலயே வாளிதான். அதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லித்தான் இவன் கூட்டிட்டு வந்தான்."

"அம்மா!"

"சும்மா இருடா. ஒளிவு மறைவு தெரியாத பொண்ணு. வயசைப் பார்த்துக்கிட்டு இவளை விட்டா நான்தான் முட்டாள்."

"அப்ப ராத்திரிக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன்" என்று அண்ணி அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் வெயில் ஏறியபோது மெழுகு மூடியது, வீடு இறங்கியது. வழியில் ஒரு கோப்பைகூடச் சிந்தவில்லை. பூக்காலம் முடிவதற்குள் திருமணம் நடந்தது. இப்போது ஆண்டுதோறும் அவர்கள் பிள்ளைகளோடு வந்து எழும்பிப் போகிறார்கள். மரப்படியைப் பெரியண்ணனே விறகாக்கிவிட்டார்.

சம்மதம் சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டாரை அந்தரத்தில் அடைத்து வைத்தார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். விருந்தினரை அடைத்து வைக்கும் குடும்பம் அல்ல இது. தெருக்காரர்கள் கொண்டுவந்து சாத்திய ஏணி விடியும்வரை ஜன்னலிலேயே இருந்தது. சம்மதம் சொன்ன பிறகும் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவர் சம்பந்தியம்மாதான்.