கேதீசனின் சுவரில் பதினாலாம் துண்டு

இப்போதுள்ள ஆக்களுக்குச் சுவரில் எதை மாட்டுவதென்றே தெரியாது. சாமிப்படம் இருக்க வேண்டிய இடத்தில் காணிப்படம், அதற்கு மேலே ஒரு லைட் வேறு. கந்தப்போடி செருப்பைக் கழற்றாமலே விடுதிக்குள் நின்று அதை முறைத்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் கல்லடியில் ஒரு தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்க அச்சடித்த படம் அது. எங்கேயோ கிடந்ததைக் கொழும்பில் பெரிசாக அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சண்டை முடிந்த மறுவருசம் திறந்த தன் விடுதியில் மாட்டியிருந்தான் கேதீசன். கனடாவில் வளர்ந்த பொடியன்.

கிழவர் படம் பார்க்க வரவில்லை. வீடு, காணி உறுதிப் பத்திரம், எல்லைக்கல் எல்லாவற்றையும் சுனாமியில் இழந்த மகளின் காணியில், கிணற்றையும் சேர்த்து வளைத்துக்கொண்டு நின்றது விடுதி வேலி. மகள் றஞ்சிதா வீடு கட்ட வந்திருக்கிறாள். கிணறில்லாமல் என்ன வீடு?

“வேலி போடக்குள்ள நீங்கதானே ஐயா ஒப்பம் வச்சீங்க?” கேதீசன் கடதாசியை நீட்டினான்.

“வச்சன். நிவாரணக் கடதாசியெண்டு உன்ட ஆள் சொன்னான்.”

“வாசிச்சுப் பாத்திருக்கலாமே.”

“ரெண்டாம் வகுப்போட நிண்டவன் நான். ஆனா இலக்கம் தெரியும்.” விரலால் கண்ணாடியில் குத்தினார். “இது வாவிக்கு இறங்கிற ஒழுங்கை. இது பதினாலாம் துண்டு, என்ட மகளிட. உள்ளுக்க வட்டமாக் கிடக்கே, அதென்ன, உன்ட தோசைக்கல்லோ?”

கேதீசன் எழும்பி வந்து பார்த்தான். கிணறு பதினாலுக்குள்தான் இருந்தது. விடுதி பதினைந்து. நாலு அறையிலும் இதே படத்தைத்தான் மாட்டி வைத்திருக்கிறான்.

“இது சும்மா அழகுக்கு, ஐயா. செல்லுறது உங்கட ஒப்பம்தான்.”

“என்ட ஒப்பத்தில பீடி சுத்து! அது என்ட பொண்சாதி சின்னத்தங்கத்துக்குத் தாய் குடுத்த சீதனக்காணி. அவள் கடலோட போறதுக்கு ஆறு வருசம் முந்தியே மகளுக்குச் சீதனமா எழுதிப்போட்டாள். நான் அந்த வீட்டுக்குக் கலியாணம் முடிச்சு வந்த ஆள். அதில ஒரு குரும்பை கூட என்ட இல்ல. இந்த ஊரில சீதனக்காணிக்குப் புருசனிட்ட ஒப்பம் வாங்கினவன் நீ ஒருத்தன்தான்டா!”

வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மேனுகா, ஊர்ப்பிள்ளை, சிரிப்பை அடக்கமாட்டாமல் கொப்பியால் வாயைப் பொத்தினாள். “அவர் சொல்றது சரி, சேர்.”

கேதீசனின் முகம் தொங்கிவிட்டது. “சரி ஐயா. வாற வெள்ளிக்கிழமை நில அளவையாளரைக் கூட்டி வாறன், வேலியை மாத்துவம். இந்தப் படத்தில ஒண்டு கொண்டு போங்க, சும்மா தாறன்.”

“என்ட மகளிட காணியை எனக்கே படமாத் தாறியோ? நீயே வச்சு அழகு பார். சுனாமிக்குப் பிறகும் கழுத்துப்பட்டி கட்டினவனெல்லாம் வந்து, எங்கட கொட்டில் வாசல்ல நிண்டு வெள்ளிக்கிழமைதான் சொன்னான். சண்டை முடிஞ்ச கையோடயும் வந்து சொன்னாங்க. ஒரு வெள்ளியும் ஒருத்தனும் வரல்ல.”

கேதீசன் கையை நீட்டினான். கிழவர் அதைக் கண்டதாகவே காட்டவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வேலியோரம் றஞ்சிதா காத்து நின்றாள். “என்னவாம் அப்பா?”

“வெள்ளிக்கிழமை மாத்துறானாம்.”

“நம்பிட்டீங்களா?”

“அவனையோ?” நிற்காமலே காறித் துப்பிவிட்டு, வேலிக்கட்டையைக் கிளப்ப அலவாங்கை எடுத்துவர நடந்தார்.