பி சைடில் மூன்றாவது பாட்டு

மகள் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டியபோது பாப்பா குதிகால் வெடிப்பில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் காலை ஆறு மணிக்கு நின்றால் இரண்டு மணி வரைக்கும் நின்றபடியேதான். இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வருகிற விரிப்பை இழுத்து மடிக்க வேண்டும், மடித்ததை வண்டியில் அடுக்க வேண்டும், நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. நாற்பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை.

கையெல்லாம் களிம்பு. கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பாட்டு. முப்பது நொடி ஓடியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஓடியது.

“இந்தப் பாட்டு உனக்கு முழுசா தெரியுமாமே? மாமா சொன்னாரு.”

“எந்த மாமா?” என்றாள் பாப்பா, இருப்பது ஒரே ஒரு மாமா என்று தெரிந்தும்.

அண்ணனோடு பேசி ஆறு வருடமாகிறது. அவன் பேச்சை எடுத்தால் அம்மாவின் முகம் சுருங்கும் என்று தெரிந்ததால் மகள் இத்தனை நாளும் எடுத்ததில்லை. ஆனால் கைப்பேசியில் பாடியவனின் குரலை எந்த முப்பது நொடிக்குள் அடைத்து வைத்தாலும் பாப்பாவுக்கு அடையாளம் தெரியும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பழகப் போன வருடம் கொண்டுவந்த கேசட். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. யாரிடமிருந்தோ யாரோ பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் பதிந்து, நாலு கை மாறி வந்தது. பாட்டுக்குப் பின்னால் எப்போதும் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல் இருக்கும். ஹிப்ஹாப் என்கிற சொல்லே அவர்கள் வீட்டுக்குப் புதிது. ஒருவன் இங்கிலீஷில் மூச்சு விடாமல், ராகம் இல்லாமல், சண்டைக்குப் போகிறவன் மாதிரி பேசிக்கொண்டே போனான். அவர்களுடைய அம்மா வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “யாருகிட்டடா இப்படி முறையிடுறான்? ஒரு வாய் தண்ணியாவது குடுங்கடா அவனுக்கு” என்றாள்.

அந்த வேகம் அண்ணனுக்குப் பிடிபடவில்லை. பாப்பாவுக்குக் காது கூர்மை. இரண்டு சொல் கேட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே பள்ளிக்கூட நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதினாள். பின்னால் ஓட்டுகிற பட்டன் உடைந்த பிறகு கேசட்டில் பென்சிலைச் சொருகிச் சுற்றினாள். ஆறு வாரம் பிடித்தது. பாதிக்கு அர்த்தம் தெரியாது. அகராதியில் தேடினால் அதிலும் இருக்காது. அண்ணன் அந்த நோட்டை உருப்போட்டு, கூட்டாளிகள் நடுவில் நின்று ஒரே மூச்சில் ஒப்பித்துக் கைதட்டல் வாங்கினான். எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ரசிகன் அவன்; அவள் ரசிகனின் தங்கச்சி. பாப்பாவுக்கும் அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. அல்லது இருந்து, களைப்பில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கலாம்.

மகள் போன மாதமே மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கேசட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

“கேசட்ட கண்ணுல காட்டறதுக்கே பரீட்சை வெச்சாரும்மா. ‘முப்பது செகண்டு கேட்டுட்டு ரசிகைன்னு வந்துட்டியா? பி சைடுல மூணாவது பாட்டு எது, சொல்லு பாப்போம்’ங்கறாரு. எங்களுக்கு சைடே கெடையாது மாமான்னேன்.”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அப்புறம் நான் கேட்டேன். ‘இந்தத் தாளத்த அவர் எங்கேர்ந்து எடுத்தாருன்னு தெரியுமா?’ அவருக்குத் தெரியல. அதுக்கும் இருபது வருஷம் முன்னாடி வந்த ஒரு பழைய இசைத்தட்டுலேர்ந்து நாலே நாலு அடிய வெட்டி எடுத்திருக்காரு. அத போட்டுக் காட்டினேன். மூணு தடவ கேட்டாரு. அதுக்கப்புறம்தான் அலமாரியத் தெறந்தாரு.”

அந்தப் பாட்டின் வரிகளையெல்லாம் யாரோ பொறுமையாக இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் தொட்டால் அதற்கு விளக்கம் வந்தது. எந்தத் தெரு, எந்த வருடம், யாரைச் சொல்கிறான் என்பதெல்லாம். மகள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். பாப்பா உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தவள், ஒரு இடத்தில் நின்றாள்.

“இது தப்பா போட்டிருக்காங்க.”

“எது?”

“‘மை மதர் வாட்ச்ட் த டோர்’. அம்மா கதவையே பாத்துட்டிருந்தான்னு வரும்.”

மகள் பாட்டை அந்த இடத்துக்கு நகர்த்தி, சத்தத்தை ஏற்றி வைத்தாள். மழை இரைச்சல் இல்லாமல், துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது குரல். மை மதர் வாஷ்ட் த ஃப்ளோர். என் அம்மா தரை கழுவினாள். இரண்டாம் தடவை கேட்டபோதும் அதுதான்.

பாப்பா களிம்பு டப்பாவை மூடினாள். அவர்களுடைய அம்மாவும் முப்பது வருடம் மூன்று அலுவலகங்களில் தரை கழுவியவள்தான். அவளைப் பற்றிய வரி அது. அவளை வாசல்படியில் நிற்க வைத்துக்கொண்டே, அண்ணனும் அவளும் அதை வேறு என்னவோ என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தத் தப்பு வரி அவளுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கிக் கிடந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அம்மா கடைசி நாலு நாள் ஐந்தாம் மாடி வார்டில் கிடந்தாள். சலவைப் பிரிவு அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். இடைவேளை கிடைத்தபோதெல்லாம் பாப்பா மேலே ஓடிப் போய்ப் பார்த்தாள். அம்மாவின் கண் கதவிலேயே இருக்கும். உள்ளே வந்தது பாப்பாதான் என்று தெரிந்ததும் மறுபடி கதவுக்குப் போய்விடும். அண்ணன் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றவனிடம் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். “நாலு நாளும் கதவையே பாத்துட்டிருந்தாங்க.” அதற்குப் பிறகு பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

அந்தப் பாடகர் அவர்கள் ஊருக்கு வருகிறார் என்றும், மூன்று டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றும் மகள் சொன்னபோது பாப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. “ராத்திரியெல்லாம் என்னால நிக்க முடியாதுடி” என்றாள்.

“மத்தியானம் மூணு மணிக்கும்மா. அவருக்கும் அறுபத்திரண்டு ஆயிருச்சுல்ல. ஆறு மணிக்கெல்லாம் மாத்திரை போடணுமோ என்னவோ.”

சனிக்கிழமை வேலை முடிந்து நேரே போனாள். மைதானத்தில் இரண்டு வகைக் கூட்டம் இருந்தது. தொந்தியில் இறுகிப்போன பழைய பனியனோடு வழுக்கைத்தலைகள். அதே படம் போட்ட பனியனைப் போன வாரம் வாங்கிப் போட்டுக்கொண்ட பிள்ளைகள். முன்னவர்கள் உட்கார இடம் தேடினார்கள். பின்னவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து ஒத்திகை பார்த்தார்கள். அண்ணன் கம்பெனிச் சட்டையோடு, தோளில் கருவிப் பையோடு வந்தான். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. “சாப்பிட்டியா?” என்று மகளைக் கேட்டான். மகளுக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேருமாக நின்றார்கள், நடுவில் மகள்.

பாடகர் வந்தார். கால் லேசாக இழுத்தது. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை உயரமான முக்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். மூச்சு வாங்கிய இடங்களில் வரியின் வாலைக் கூட்டத்திடம் விட்டார். எல்லாருக்கும் தெரிந்த அந்த முப்பது நொடி வந்தபோது பிள்ளைகள் மைதானத்தையே தூக்கினார்கள். அது முடிந்ததும் அடங்கிவிட்டார்கள். மீதியை வழுக்கைத்தலைகள் எடுத்துக்கொண்டார்கள். மகள் மட்டும் முதல் வரியிலிருந்து ஒன்றையும் விடவில்லை. இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை என்று அவள் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய்விட்டாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அதை நிரப்பவில்லை.

அந்த வரி வருவதற்கு முன்பே பாப்பா உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தாள். கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் தரை கழுவியது. அதன் நடுவில், பக்கத்திலிருந்து, அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கதவு என்று கத்தினான்.

முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “தாத்தா வேற பாட்டு பாடறாருடா” என்றான் ஒருவன்.

அண்ணனுக்கு அது கேட்டிருக்காது. பாப்பாவுக்குக் கேட்டது. பதினாறு வயதில் அவள் செய்த தப்பு ஐம்பத்திரண்டு வயது ஆளின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் பார்த்தாள். அந்த வரி பாட்டில் மறுபடி ஒருமுறை வரும். வந்தது. சரியானது தெரிந்திருந்தும், அவள் அவனுக்குச் சமமாகக் குரலை உயர்த்தி, நோட்டில் எழுதியிருந்தபடியே கத்தினாள். சிரித்த பையன்கள் மறுபடி திரும்பினார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி தப்புச் சொன்னதில் குழம்பி, முன்னால் திரும்பிக்கொண்டார்கள்.

அண்ணன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

நிகழ்ச்சி முடிந்ததும் மகள் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெளிக் கதவோரம் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அண்ணன் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு மறு ஓரத்தில் உட்கார்ந்தான்.

“ஆறு வருஷமா இந்தக் கேசட்டையே போடல பாப்பா” என்றான். “அந்த வரி வந்துருமேன்னு. நீயே நேர்ல நின்னு சொல்ற மாதிரி இருக்கும்.”

அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்தேன். மூணு நாள் வந்தேன். லிஃப்ட் வரைக்கும் வந்து பட்டன அழுத்துவேன். தெறக்கும். அந்த மாடல் லிஃப்ட்டுல ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும். ஏறத்தான் முடியல. மேல போனா, அம்மாவ அப்படிப் பாக்கணும்ல. மூடிக்கும். நான் திரும்பிப் போயிருவேன்.”

அந்த நாட்களில் அந்த லிஃப்டின் அடியில்தான் அவள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாடி தூரம். பாப்பாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குக் கையைத் தூக்க வேண்டும். கை பகல் முழுக்கத் தூக்கியாகிவிட்டது.

“அந்த வரி அப்படி இல்லண்ணா” என்றாள்.

“என்ன?”

“நான் தப்பா எழுதிட்டேன். கேசட்டுல எரைச்சல். கதவு இல்ல அது. தரை. அவங்க அம்மா தரை கழுவினாங்கன்னு வருது. அதான் அந்தப் பசங்க சிரிச்சாங்க.”

அவன் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். உதடு அசைந்தது. உள்ளே உட்கார மறுக்கிற ஏதோ ஒன்றை முடுக்கிப் பார்ப்பவன் மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னான்.

“நம்ம அம்மாதான்” என்றான் கடைசியில்.

“ம்.”

“முப்பத்திமூணு வருஷமா தப்பா பாடியிருக்கேன். எத்தன பேருகிட்ட.” சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பிறகு, குரலை இறக்கி, ஏற்கெனவே பதில் தெரிந்தவனைப் போலக் கேட்டான்: “ஆனா அம்மா... கதவப் பாத்தாங்கதானே?”

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அது எவ்வளவு சுலபம் என்றும் தோன்றியது.

“பாத்தாங்க” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து போகவில்லை. அவளும் செருப்பைத் தேடவில்லை. கூட்டம் கலைந்து சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மகள் மூன்று காகிதக் கோப்பைகளை இரண்டு கைக்குள்ளும் முக்கோணமாக அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். தளும்பிவிடக் கூடாதென்று பார்வையைக் கோப்பைகளிலிருந்து எடுக்காமல், ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். போகிறவர்கள் அவளுக்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போனார்கள். சூடு தாங்காமல் நடுவில் ஒருமுறை நின்றாள். பிடியை மாற்ற வழியில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.